வெள்ளிக்கிழமை இடிக்கிற சுவர்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பொம்பளைக்கு என்ன இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் பாதியில் யோசிப்பீர்கள். வயிற்றெரிச்சல்தான். அந்த மனிதரை வீட்டிலும் பார்த்து, பள்ளிக்கூடத்திலும் பார்த்து எரியாத வயிறு இருந்தால் அது வயிறே இல்லை.

அத்தான் மேல்நிலைப் பள்ளியில் கட்டடத் தொழில் பிரிவுக்கு ஆசிரியர். நான் அதே பள்ளியில் ஆபீஸ் கிளார்க். பதினொன்றாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளைகளில் மார்க் குறைந்தவர்களைத் தலைமை ஆசிரியர் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொட்டகைக்கு அனுப்பிடுங்க" என்பார். கொட்டகை என்றால் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை ஷெட். ஒரு பக்கம் செங்கல் அடுக்கு, ஒரு பக்கம் மண் குவியல், நடுவில் கால் உடைந்த கரும்பலகை. அதுதான் அத்தானின் ராஜ்யம்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுகிற இரும்புக் குண்டு அது. அத்தானின் பேண்ட் பாக்கெட்டில் எந்நேரமும் ஒன்று கிடக்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் ஒரு பாக்கெட் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அந்தக் குண்டை வெளியே எடுத்து, சுவரில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அரை விரல் சாய்ஞ்சிருக்கே, யார் கட்டினது?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். வீடு கட்டினவர் முகத்தில் ஈயாடாது. அத்தானுக்கு அன்றைக்கெல்லாம் நல்ல பசி எடுக்கும்.

குண்டைவிடப் பெரிய சமாச்சாரம் ஹெல்மெட். வெள்ளை ஹெல்மெட். டிப்ளமா முடித்த கையோடு ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாராம். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் திட்டியது சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் வருவதற்குள் வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். வரும்போது ஹெல்மெட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருடைய சைட் அனுபவம் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பு எடுப்பார். பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கிடையாது. தகரக் கூரையிலிருந்து ஏதாவது விழுந்தால் வாத்தியார் தலையில் மட்டும்தான் விழும் போலிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் துணி விரித்து அதன்மேல் வைப்பார். என் அக்கா வாரா வாரம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைப்பாள். ஒரு கீறல் இருக்காது. வேலை செய்த ஹெல்மெட்டில் அல்லவா கீறல் விழும்.

கொட்டகையில் நடக்கிற படிப்பைச் சொல்கிறேன். திங்கட்கிழமை பிள்ளைகள் நூல் பிடித்துச் சுவர் கட்ட ஆரம்பிப்பார்கள். வியாழக்கிழமை மார்பு உயரம் வரும். வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் ஹெல்மெட்டோடு வந்து, குண்டு தொங்கவிட்டு, ரசமட்டம் வைத்துச் சமதளம் பார்த்து, மார்க் போடுவார். அன்று மதியமே சுவரை இடித்துவிடுவார்கள். சிமெண்ட் போட்டால் செங்கல் பாழாகிவிடும் என்பதால் வெறும் மண்ணைக் குழைத்துத்தான் கட்டுவது. இடித்த செங்கலைச் சுரண்டி அடுக்கினால் திங்கட்கிழமை அதே செங்கல், அதே சுவர். கை பழகுவதற்கு அது நல்ல வழிதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அத்தான் அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து கொட்டகையில் ஒரு சுவர்கூடச் சனிக்கிழமையைப் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை, அவரிடம் படித்துவிட்டுப் போனவர்களும் பார்த்ததில்லை.

பெற்றோர் கூட்டம் வந்தால் மைக்கை விடமாட்டார். "கைத்தொழில் தெரிஞ்சவன் எந்த ஊர்ல போய் நின்னாலும் பொழைச்சுக்குவான்! டாக்டர் எங்க குடியிருப்பாரு? வக்கீல் எங்க குடியிருப்பாரு? நம்ம புள்ளைங்க கட்டின வீட்டுலதான்!" கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்து ஆசிரியர் அறைக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவரே சொல்வார்: "எல்லாம் களிமண்ணுங்க சார். மூளை இருந்தா ஏன் என்கிட்ட வருது?" அந்த அறையில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களும் ஒரு ரகம்தான், தனியாக எழுதினால் தாள் போதாது.

ஆனால் அத்தான் தலையில் இடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. அவருடைய ஒரே மகள், வாலு என்று நாங்கள் கூப்பிடுகிறவள், பத்தாம் வகுப்பு முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "அப்பா, நான் உங்க பிரிவுல சேரப் போறேன்" என்றாள். அவளுக்கு மார்க் ஒன்றும் குறைவில்லை. சின்ன வயதிலிருந்தே எங்கே கட்டட வேலை நடந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அவளைத் தேடி அக்கா எத்தனையோ தரம் மணல் குவியல் பக்கம் போயிருக்கிறாள்.

அத்தான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"என்ன பேசற நீ? மண்ணு குழைக்கவா உன்னை வளர்த்தேன்? ஒழுங்கா காமர்ஸ் எடு."

"மீட்டிங்ல நீங்கதானேப்பா சொன்னீங்க, கைத்தொழில் தெரிஞ்சவன் எந்த ஊர்லயும்..."

"அது அடுத்தவன் புள்ளைங்களுக்குச் சொல்றது!"

நான் சிரித்துவிட்டேன். தண்ணீர் புரையேறி மூக்கு வழியாக வந்தது. "நீ எதுக்கு இங்க வந்து உக்காந்துட்டுப் பல்லைக் காட்டற?" என்று என்மேல் பாய்ந்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவள் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் அவள் பிரச்சினை என்று அப்போது நினைத்தேன்.

வாலு லேசுப்பட்டவள் இல்லை. நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டாள். ஆசிரியரின் மகளே தொழிற்பிரிவில் சேருகிறாள் என்றதும் அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலைக் கூட்டத்தில் மாணவர்கள் முன்னால் அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தி, "சொல்வதைச் செய்பவர்" என்றார். பொன்னாடைக்குள் நின்றுகொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"கட்டட கம்பெனிக்காரங்க இந்த வருஷம் நம்ம பசங்களைப் பயிற்சிக்கு எடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. படிப்பு முடிஞ்சதும் வேலை. அவங்க உங்களை எடுத்தா இரு. எடுக்கலேன்னா மறுநாளே காமர்ஸ். அதுக்கப்புறம் கொட்டகைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"சரிப்பா," என்றாள்.

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு இன்ஜினியர் அம்மா. கனத்த உடம்பு, கனத்த குரல், கையில் எப்போதும் கார் சாவி. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் விளையாட்டு. நிக்கற சுவர் ஒண்ணு கட்டிக் காட்டுங்க" என்றார். பள்ளி வாசலுக்கு உள்ளே, பெற்றோர் காத்திருக்கும் இடத்தில், உட்கார்ந்து சாய்ந்துகொள்ள வசதியாக ஒரு நீளச் சுவர். சிமெண்டும் மணலும் கம்பெனியே இறக்கிவிட்டது.

பிள்ளைகள் கட்டினார்கள் பாருங்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தான் களிமண் என்று சொன்ன அத்தனை பேரும் காலையில் எனக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். வாலு ஒரு மூலையிலும் நெட்டைப் பையன் ஒருவன் மறு மூலையிலும் நின்று நூலை இழுத்துக் கட்ட, நடுவில் மற்றவர்கள் வரிசை வரிசையாகச் செங்கல் வைத்து வந்தார்கள். கரண்டியால் சாந்தை எடுத்துப் போடுவதும், செங்கலை அழுத்தித் தட்டுவதும், பிதுங்கினதை வழித்து எடுப்பதும் பார்க்கப் பார்க்க எனக்கே கை பரபரத்தது. அத்தான் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு, தினமும் குண்டு தொங்கவிட்டார். ஒரு நூல் சாய்வு இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சுவர் முடிந்தது. பழக்க தோஷம், ஒருவன் கொட்டகைக்கு ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "டேய், இதை இடிக்கக் கூடாதுடா!" என்று எல்லாரும் கத்திச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இடிக்காமல் இருந்து பழக்கமே இல்லை. கொஞ்ச நேரம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அத்தான் கை கழுவிக்கொண்டு, "போங்க, போங்க. வீட்டுக்குப் போங்க" என்றார். போய்விட்டார்கள். அன்றைக்கு அடித்த வெயில் சாதாரண வெயில் இல்லை, அடுத்த நாளும் அதே வெயில்தான்.

மறு வாரம் இன்ஜினியர் அம்மா வந்தார். பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியர் ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்க நான். அந்தம்மா சுவரைத் தூரத்திலிருந்து பார்த்தார். "நேரா இருக்கு" என்றார். அத்தான் நெஞ்சு முன்னால் வந்தது. அந்தம்மா கிட்டே போய்க் கார் சாவியின் முனையால் இரண்டு செங்கலுக்கு நடுவில் சுரண்டினார். சாந்து மாவாகக் கொட்டியது. இன்னொரு இடத்தில் சுரண்டினார். அங்கேயும் கொட்டியது. மேல் வரிசையில் ஒரு செங்கலைப் பிடித்து ஆட்டினார், கையோடு வந்துவிட்டது.

"தண்ணி விட்டீங்களா?"

சிமெண்ட் வைத்துக் கட்டின சுவரைக் காயவிடாமல் நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருந்தால்தான் அது இறுகும் என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். பாடப்புத்தகத்தில் கடைசிப் பாடத்தில் இருக்கிறதாம். அத்தான் எந்த வருஷமும் கடைசிப் பாடத்துக்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை சாகப்போகிற மண் சுவருக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?

அத்தான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட மனுஷன் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மேடம்," என்றார். "காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணி விடுங்கடான்னு. எல்லாம் சோம்பேறிக் கழுதைங்க. என்ன சொன்னாலும் மண்டையில ஏறாது."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெட்டைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் பொய் சொல்கிறார் என்று வாத்தியார் முன்னாலேயே சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

"அப்படின்னா இவங்க எனக்கு வேண்டாம்," என்றார் இன்ஜினியர் அம்மா. "தெரியாததைக் கத்துக்கொடுத்துக்கலாம். சொன்னதைச் செய்யாதவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" செங்கலைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

"மேடம்!"

வாலுதான். வரிசையைவிட்டு முன்னால் வந்துவிட்டாள்.

"அவர் சொல்லல மேடம்."

அந்தம்மா திரும்பினார். "என்ன?"

"தண்ணி விடணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்க கட்டின சுவர் எதுவும் வெள்ளிக்கிழமையைத் தாண்டினதே இல்ல. அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தா ராத்திரி பகலா நின்னு ஊத்தியிருப்போம்."

"யாரும்மா நீ?"

"அவர் பொண்ணு."

தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். அத்தானுக்கு ஹெல்மெட்டுக்குக் கீழே வியர்த்து வழிந்தது. அந்தம்மா அப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இடிச்சுட்டு மறுபடி கட்டுங்க. லீவு முடிஞ்சதும் வரேன்" என்றார்.

இடிப்பதற்கு மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த சுவரையும் அதே நேர்த்தியோடு கட்டி முடித்தார்கள். முடித்த அன்றைக்கே இடைப்பருவ விடுமுறை ஆரம்பித்தது, பள்ளி வாசல் பூட்டப்பட்டது. வாசல் சாவியும் கொட்டகைச் சாவியும் அத்தானிடம். தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்திருப்பது கொட்டகைக்குள்.

"அப்பா, சாவி கொடுங்க. சுவருக்குத் தண்ணி விடணும்."

"லீவுன்னா லீவு. பெத்த அப்பனைச் சந்தி சிரிக்க வச்சே இல்ல? அந்தச் சுவர் எப்படி நிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சுவரும் உதிர்ந்தால், முதல் சுவர் உதிர்ந்ததும் பிள்ளைகளின் சோம்பேறித்தனத்தால்தான் என்று ஊர் நம்பிவிடும். அதற்காகப் பெற்ற மகளின் சுவர் உதிரட்டும் என்று சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூ! இதைவிட நாகரிகமான வார்த்தை எனக்கு வரவில்லை.

கொட்டகைச் சாவியைக் குண்டோடு சேர்த்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வாசல் சாவியை டிவிக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஹெல்மெட்டைத் தூக்கித் துடைக்கிறவள் யார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் வாசல் சாவி, பக்கத்தில் வாலு.

"நீ ஆபீஸ் ஆளு. நீ கூடப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. திறந்துவிடு," என்றாள். அவள் எனக்கு உத்தரவு போட்டு அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நாங்கள் போனபோது பிள்ளைகள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். சுவர் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கொட்டகை பூட்டிக் கிடந்ததால் குழாயும் இல்லை, வாளியும் இல்லை. கலவைக்கு வைத்திருந்த டிரம்மில் முக்கால் அளவு தண்ணீர் இருந்தது. ஒருவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மொண்டான், ஒருத்தி தண்ணீர் பாட்டிலை முக்கினாள், ஒருவன் இரண்டு கையையும் குவித்து அள்ளிக்கொண்டு ஓடினான். சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஒழுகிப்போயிற்று. ஒரு பக்கம் நனைத்துவிட்டு வருவதற்குள் மறு பக்கம் காய்ந்தது.

அப்போதுதான் அத்தான் வந்தார். சாவியைக் காணோம் என்றதும் அடித்துப் பிடித்து ஓடிவந்திருக்கிறார், சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. ஆனால் ஹெல்மெட் போட மறக்கவில்லை.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க? எல்லாரும் வெளியே போங்க! இப்பவே போங்க!"

ஒருவரும் நகரவில்லை. கையிலிருந்த டப்பாக்களோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாலு மட்டும் நடந்து வந்தாள். அப்பன் எதிரில் நின்றாள். அடிக்க மாட்டார், ஆனால் கத்துவார் என்று நினைத்தேன். அதற்குள் அவள் இரண்டு கையையும் உயர்த்தி அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். டிரம்முக்குப் போனாள், மல்லாத்தி முக்கி நிரப்பிக்கொண்டாள், சுவர்மேல் ஊற்றினாள். ஒரே ஊற்றில் நாலு வரிசை நனைந்தது. மறுபடி டிரம்முக்குப் போனாள்.

அத்தான் சொட்டைத் தலையோடு வெயிலில் நின்றார். அவரை அப்படிப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். எனக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. மகள் மூன்றாவது தடவை ஹெல்மெட்டை நிரப்பிக்கொண்டு அவரைக் கடந்து போகும்போது கையை நீட்டினார்.

பிடுங்கப் போகிறார் என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். வாலு அவரைப் பார்த்தாள். பிறகு தண்ணீரோடு அப்படியே அவர் கையில் கொடுத்தாள். அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் போனார். ஊற்றினார். அதையும் ஒழுங்காக ஊற்றவில்லை, பாதி அவர் செருப்பில் விழுந்தது. "மேலேருந்து மெதுவா ஊத்துங்கப்பா," என்றாள் மகள். இரண்டாவது தடவை மெதுவாக ஊற்றினார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து நெட்டைப் பையனிடம் கொடுத்தார்.

லீவு முடிந்து இன்ஜினியர் அம்மா வந்து சுரண்டியபோது சாவிதான் தேய்ந்தது, சாந்து அசையவில்லை. மொத்த வகுப்பையும் எடுத்துக்கொண்டார். வாலு இப்போது மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் போகிறாள். அதில் இதற்குள் எத்தனையோ கீறல்.

அத்தான் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் குண்டைத் தொங்கவிடுகிறார், இப்போதும் ஆசிரியர் அறையில் களிமண் என்கிறார். கூடவே ஒரு புதுப் பெருமை சேர்ந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அந்தச் சுவருக்கு என் சொந்த ஹெல்மெட்ல நானே தண்ணி மொண்டு ஊத்தினேன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். கைதட்டுகிறார்கள். அவர் வாழ்நாளில் அடித்துக்கொண்ட தம்பட்டத்தில் அது ஒன்றுதான் உண்மை. கண்ணால் பார்த்தவள் நான், இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.